மச்சானின் சிவப்புப் பாறை

கொலராடோவிலிருந்து லீவுக்கு வந்த மச்சானோடு திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு நடப்பதைவிட வெயிலில் சும்மா நிற்கலாம். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டவில்லை, தொடங்கிவிட்டார்: அங்கே 'கார்டன் ஆஃப் த காட்ஸ்' பூங்காவில் சுற்றுப்பாதை இரண்டரைக் கிலோமீட்டர்கூட இல்லையாம், கொங்கிரீட் போட்டதாம், நுழைவு இலவசமாம், இரும்புத் துருவால் சிவந்த மணற்கல் பாறைகள் செங்குத்தாக நிற்குமாம். சரி, நல்ல விஷயம்தான். ஆனால் கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று கீழே கடலைப் பார்க்கிற நேரத்திலும் போனில் அந்தப் பாறையையே காட்டினால் மனுசன் என்ன செய்வது? இறங்கி வரும்போது கோட்டை மான் ஒன்று என் அர்ச்சனைப் பையை இழுத்து வாழைப்பழத்தைத் தின்றுவிட்டது. "அங்கயும் மான் இருக்கு, ஆனா கிட்ட வராது" என்கிறார்.