பாரம்பரியம் சரி, பொங்கலை யார் கிளறுவது?

மார்கழி பிறந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புலம்பல் தொடங்கிவிடும். 'நம்ம வழக்கமெல்லாம் போச்சு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியல' என்று. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் மாமாக்களும் சித்தப்பாக்களும்தான். இவர்களில் ஒருவர்கூடப் பொங்கலன்று அடுப்பு பற்றவைத்து நான் பார்த்ததில்லை. பால் பொங்குகிற நேரத்துக்குக் குளித்து வந்து நின்று 'பொங்கலோ பொங்கல்' சொல்வார்கள், நல்ல சத்தமாகவே சொல்வார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடிவதற்கு முன்னால் எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, காவியும் சுண்ணாம்பும் அடித்த பொங்கல் கட்டிகளைத் தூக்கி வந்து அடுப்பாக வைத்து, பனை ஓலையைக் கிழித்துக் கிழித்துச் செருகி, புகையில் கண் எரிய நின்றவர்கள் ஆச்சியும் அம்மாவும் மதினிகளும். 'வழக்கத்தை விட்டுடாதீங்க' என்று இந்த மாமாக்கள் சொன்னால் அதற்கு 'நீங்க செஞ்சுகிட்டே இருங்க' என்று பொருள், வேறு ஒன்றுமில்லை.

நான் வழக்கங்களுக்கு எதிரி இல்லை. குடும்பத்துக்கென்று சில வழக்கங்கள் இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறவள்தான். ஆனால் ஒரு வழக்கம் வீட்டில் நிற்குமா போகுமா என்பதற்கு என் கணக்கு ரொம்பச் சாதாரணம்: அதில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது? ஒருத்தி செய்ய மற்றவர்கள் சாப்பிடுவது என்றால், அவளுக்கு முட்டி வலி வந்து உட்கார்ந்த வருடத்தோடு அது முடிந்தது. அப்புறம் யாரைத் திட்டி என்ன பயன்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சிறுவீட்டுப் பொங்கல். மற்ற மாவட்டக்காரர்கள் பலருக்கு இது தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மார்கழி முழுக்க விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டு, சாணியைச் சின்ன உருண்டையாகப் பிடித்து அதில் பூசணிப்பூவைச் செருகி வைப்பார்கள். பூசணி கிடைக்கவில்லை என்றால் பீர்க்கம்பூ, செம்பருத்தி, எது கிடைக்கிறதோ அது. பிறகு அந்தச் சாணியைப் பூவோடு சேர்த்து வரட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்த்து வருவார்கள். பெரிய பொங்கல் முடிந்து தை மாதத்திலேயே அவரவர் வீட்டு வழக்கப்படி ஒரு நாளில் முற்றத்தில் களிமண்ணால் ஒரு குட்டி வீடு கட்டுவோம். முழங்கால் உயரம்கூட வராத சுவர்தான், ஆனால் அதற்கு வாசல் உண்டு, அறைகள் உண்டு, கோலமும் உண்டு. அதன் முன்னால் சின்னப் பானையில் பொங்கல் வைத்துப் படைத்துவிட்டு, சேர்த்து வைத்த வரட்டிகளைக் கொண்டுபோய் மேலே சூடம் ஏற்றித் தாமிரபரணியில் விடுவோம். விட்டுவிட்டுக் கரையில் கும்மி.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், மொத்த வேலையும் பிள்ளைகளுடையது. பொங்கல் சரியாக வேகவில்லையா, அதுவும் எங்கள் பொறுப்பு. பெரியவர்கள் நெருப்புக்குக் காவலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். 'பாரம்பரியத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்த வேண்டும்' என்று இன்று மேடை போட்டுப் பேசுகிறார்களே, யாரோ ஒரு கெட்டிக்கார ஆச்சி பேச்சே இல்லாமல் அதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். எட்டு வயதில் களிமண் மிதித்துச் சுவர் கட்டியவளுக்கு அது மறக்குமா?

ஒரு குறை உண்டு. அது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்றே வைத்திருந்தார்கள். தம்பிகள் ஓரமாக நின்று ஏக்கத்தோடு பார்ப்பார்கள், இல்லையென்றால் சுவரை இடித்துவிட்டு ஓடுவார்கள். எனக்கோ இரண்டும் பையன்கள். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு வேறு. மொட்டைமாடியில் நெருப்பு மூட்டக் கூடாது என்று சங்கத்தில் முதலில் மறுத்தார்கள், கேஸ் அடுப்பு என்றதும் சரி என்றார்கள். நர்சரியில் வாங்கிய மண்ணில் என் பையன்கள் கட்டிய வீட்டுக்குக் கார் நிறுத்த இடமெல்லாம் இருந்தது. மாட்டுச் சாணியைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு, அதனால் வரட்டி நாலைந்துதான். ஆற்றுக்கு எங்கே போவது, கூவத்திலா விட முடியும்? உடைத்துச் செடிக்குப் போட்டுவிடுகிறோம். ஊரில் இருக்கும் அத்தை வீடியோ காலில் பார்த்துவிட்டு 'ஆம்பளைப் பிள்ளைகளை வச்சு இது என்ன கூத்து' என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். பொங்கல் வைக்கத் தெரிந்த இரண்டு ஆண்கள் நாளைக்கு இரண்டு வீட்டுக்குப் போவார்கள்.

மாற்றினால் அது பாரம்பரியமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர்ச் சொதிக் குழம்பையே காட்டுவேன். கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு இல்லாவிட்டால் எங்கள் பக்கம் கல்யாணமே பாதி என்பார்கள். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் முருங்கைக்காயும் சரி. கூடவே உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், அரைத்துவிடுகிற பச்சைமிளகாய்! மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர்கள் கப்பலில் கொண்டுவந்தவை. தொட்டுக்கொள்ளும் சிப்ஸும் அதே கிழங்குதான். ஏதோ ஒரு தலைமுறையில் யாரோ துணிந்து புதுக் காயைப் பானையில் போட்டிருக்கிறார்கள், வீட்டில் ஒரு கிழவர் முகம் சுளித்துமிருப்பார். தீபாவளிப் பட்டாசும் அப்படித்தான். சிவகாசிக்காரர்கள் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போய் வந்தது 1920களில். அங்கே பட்டாசுத் தொழில் அதற்கும் பிந்தியது. வீட்டுக்கு வீடு சரம் வெடிப்பதை ஆதிகாலத்து வழக்கம் என்று சண்டை போடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வரலாம். எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டியதில்லை. கணவனை இழந்த பெரியம்மையைத் தாலி கட்டும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் நிற்கவைப்பது குடும்ப வழக்கம் என்றால், அந்த வழக்கம் ஒழியட்டும். பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் கடன் வாங்கிப் பொங்கல்படி அனுப்ப வேண்டும் என்றால், ஒரு கரும்பும் மஞ்சள் குலையும் போதும் என்று மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பெண் வீட்டார் சொன்னால் அது கஞ்சத்தனம் ஆகிவிடும், உலகம் அப்படி.

புதிதாக ஆரம்பிப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அதைக் கேட்டால் ஏதோ நமக்கு அந்த உரிமையே இல்லாதது போலத் தயங்குகிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சி 1977-ல் தொடங்கியது. இன்று எத்தனையோ வீடுகளில் பொங்கல் விடுமுறை என்றால் கரும்புக்கு அடுத்தது அதுதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு ஆளுக்கு இவ்வளவு பணம் என்று கையில் கொடுத்துவிடுவோம், என்ன வாங்கினாலும் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. சின்னவன் ஒரு வருடம் முழுப் பணத்துக்கும் ஸ்டிக்கர் புத்தகம் வாங்கினான், பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். கொரோனாவால் 2021-ல் அது பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப்போனபோது, பொங்கலிலிருந்தே 'எப்போ, எப்போ' என்று நச்சரித்தது அவன்தான். நாள் மாறினால் வழக்கம் கெட்டுவிடும் என்று பிள்ளைகள் நினைப்பதில்லை, நாம்தான் நினைக்கிறோம்.

இன்னொன்று ஆச்சிக்காக ஆரம்பித்தது. திதி அதுபாட்டுக்குத் தனியாக நடக்கிறது. நான் சொல்வது அவர்கள் இறந்த ஆங்கிலத் தேதி, அது ஜூலையில் வரும். அன்றைக்கு வீட்டு ஆண்கள் மட்டும் சொதி வைக்க வேண்டும். பெண்கள் யாரும் சமையலறைக்குள் போகக் கூடாது, வாசலில் நின்று யோசனை சொல்வதும் கூடாது. முதல் வருடம் என் வீட்டுக்காரரும் அண்ணனும் முதல் பாலை ஊற்றிவிட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டார்கள், திரிந்து போனது. அதையேதான் சாப்பிட்டோம், இஞ்சித் துவையல் காப்பாற்றியது. இப்போது மூன்றாம் பால், இரண்டாம் பால், முதல் பால் என்று வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு, இறக்குகிற நேரத்தில் முதல் பாலை ஊற்றி, ஆறியதும் எலுமிச்சை பிழிகிற அளவுக்குத் தேறிவிட்டார்கள். சமைக்கிற நேரம் முழுக்க ஆச்சி பேச்சுதான். அண்ணன் சொல்லித்தான் ஆச்சிக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்குத் தெரிந்தது. படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றும் நாளில் இந்தக் கதைகள் வருவதில்லை, ஏன் என்று தெரியவில்லை, ஒருவேளை கைக்கு வேலை இருந்தால்தான் வாய் திறக்குமோ என்னவோ.

பெரியவன் வரும் வருடம் வெளியூர் கல்லூரிக்குப் போகிறான். ஜூலையில் லீவு கிடைக்காதே என்றேன். 'ஆகஸ்ட்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை வச்சுக்கலாம், நான் வராம தேங்காய் உடைக்காதீங்க' என்கிறான். அண்ணனுக்கு அதில் சம்மதமில்லை, தேதி தேதிதான் என்று நிற்கிறார். ஆச்சி இறந்த தேதியில் ஒரு தடவை, இவன் வந்ததும் ஒரு தடவை என்று இரண்டாக்கிவிடலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். வைக்கப்போவது அவர்கள்தானே, எனக்கு ஆட்சேபணை இல்லை.