"கண்ணைப் பாரு" என்று சொல்வதை நிறுத்துங்கள்

ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "கண்ணைப் பாரு" என்று பழக்குவது சில தெரபி சென்டர்களில் இன்னும் நடக்கிறது. பார்த்தால் ஒரு மிட்டாய். இது பயிற்சியே இல்லை என்பது என் கருத்து.

2017இல் மூளை ஆய்வாளர் நுஷீன் ஹஜிகானியின் குழு, முகங்களைக் காட்டியபடி மூளையை ஸ்கேன் செய்தது. முகத்தை விருப்பம்போல் பார்க்கவிட்டபோது ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கண்களை மட்டும் பார்க்கவைத்தபோதுதான் ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையின் ஆழப் பகுதிகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டன. ஆக, பல குழந்தைகள் பார்வையை விலக்குவது அலட்சியத்தால் அல்ல, தாங்க முடியாததால். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் பாடம் எங்கே ஏறும்? எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு கேள்வி கேட்டால் பத்து வினாடியாவது காத்திருங்கள். பதில் வருவதற்குள் அதையே வேறு வார்த்தையில் கேட்டால், பிள்ளைக்கு அது இரண்டாவது கேள்வி.

அடுத்தது உணர்ச்சி அட்டைகள், அதாவது முகப் படங்களைக் காட்டி உணர்ச்சிகளின் பெயரைக் கற்பிக்கும் அட்டைகள். அவற்றில் எல்லாமே மிகைப்படுத்திய முகங்கள். "பல் தெரிந்தால் சந்தோஷம்" என்று பிள்ளை மனப்பாடம் செய்துகொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் சித்தப்பாவையும் சந்தோஷம் என்றே சொல்லும். சிரிப்பை வாயிலேயே படித்துவிடலாம். பயம் பெரும்பாலும் கண்ணில் இருக்கிறது, அதனால்தான் அது இன்னும் கடினம்.

அட்டைக்குப் பதில் வீட்டில் நாலைந்து பேரின் முகங்களைச் சிறு வீடியோக்களாக எடுங்கள், பத்து வினாடிக்குள். பாதி வேகத்தில் ஓடவிடுங்கள். நிஜ முகம் மாறும் வேகம் பல பிள்ளைகளுக்கு அதிகம். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "பால் பொங்கிடுச்சு, பாட்டி பதறிட்டாங்க." காரணம் தெரியாமல் உணர்ச்சியின் பெயரை மட்டும் படித்தால் வகுப்பறையில் உதவாது.

ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்கள் சொந்த உணர்ச்சியையே இனங்காண்பது சிரமம். அவர்களிடம் "கோபமா?" என்று கேட்காமல் "வயிறு எப்படி இருக்கு? கை இறுக்கமா இருக்கா?" என்று உடம்பிலிருந்து தொடங்குங்கள். மற்றவர் முகமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முகம் வாடியிருக்க "ஒண்ணுமில்ல" என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டே, அது இந்தப் பிள்ளைகளைக் குழப்பிவிடும். "அம்மாவுக்குத் தலைவலி, உன் மேல கோபமில்ல" என்று பளிச்சென்று சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. இந்தப் பிள்ளைகளின் முகத்தை நாமும் தப்பாகத்தான் படிக்கிறோம். திட்டும்போது பிள்ளை சிரித்தால் அது திமிராக இருக்க வேண்டியதில்லை, பதற்றத்திலும் சிரிப்பு வரும். குரலைத் தணித்துக்கொண்டு, பக்கத்தில் ஏதாவது இரைச்சல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.