மூக்கு மடிப்பு வீணன்று
காகித விமானத்தின் மூக்கைப் பலமுறை மடித்தால் பாரம் கூடித் தூரம் குறையும் என்று ஒருவர் எழுதியிருப்பது தவறான விளக்கமாகும். எத்தனை முறை மடித்தாலும் சாதாரண ஏ4 தாளின் எடை ஏறத்தாழ 5 கிராமே. மடிப்புகள் அந்த எடையை முன்பக்கம் நகர்த்துகின்றன, அவ்வளவுதான். எடைமையம் பின்தங்கினால் விமானம் மூக்கைத் தூக்கி, வேகமிழந்து, தலைகுப்புற விழும். உப்புவெளிக் கடற்கரையில் விமானத்தை எறிந்து பார்த்ததை அவர் சான்றாகக் காட்டுகிறார். கடற்காற்று வெறுந்தாளையும் தூக்கிச் செல்லும் என்பதால் அது சோதனையாகாது, காற்றுப் புகாத மண்டபமே பொருத்தம். நடுக்கோடு மடித்து, மேல்மூலைகளை அதனுடன் சேர்த்து, கூர்முனையைக் கீழே மடக்கி, மீண்டும் மூலைகளை மடித்தபின் நடுக்கோட்டில் பாதியாக்கிச் சிறகுகளை விரியுங்கள். பறக்கும்போது மூக்குக் குத்தினால், மடிப்பைக் குறைக்காமல் சிறகுகளின் பின்விளிம்பைச் சற்றே மேல்நோக்கி வளைத்தால் போதும்.