எழுதும் முன் ஒரு பக்கம் புரட்டிப் பார்த்திருக்கலாமே, டாக்டர்

சென்னையில், கொறித்துத் தின்னும் சிறு செல்லப்பிராணியான கினிப்பன்றியை வளர்ப்பவர்கள் அதன் நோயைக் காட்டிலும் அதற்கு எழுதித் தரப்படும் மருந்துச்சீட்டைக் கண்டுதான் அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது. ஆத்திரத்தில் கூட்டிச் சொல்லவில்லை. உணவைத் தொடாமல் மூலையில் முடங்கிக் கிடந்த எங்கள் மல்லியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடிய மருத்துவமனையில், பெயருக்கு ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த சிரப்பை எழுதிக் கொடுத்தார்கள். நாய்க்கும் பூனைக்கும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் கொடுக்கிற, தெருமுனை மருந்துக்கடையிலேயே கிடைக்கிற மருந்து அது. கினிப்பன்றிக்கு வாய்வழியே கொடுத்தால் அது விஷம்.

கினிப்பன்றியின் குடலில் வாழும் நுண்ணுயிரிகள்தான் அது தின்னும் புல்லைச் செரிக்கவைக்கின்றன. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் குடும்பத்து மருந்துகள் அந்த நல்ல நுண்ணுயிரிகளை அழித்துவிடுகின்றன. அவை இருந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியா பெருகி நஞ்சைச் சுரக்கிறது. கழிச்சல் கண்டு, உடல் சில்லிட்டு, சில நாட்களுக்குள் உயிர் போய்விடுகிறது. ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவையும் இதே வரிசையில் வருபவைதான். இது நேற்றுக் கண்டுபிடித்த செய்தியும் அல்ல. பென்சிலின் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த 1943-ஆம் ஆண்டிலேயே, கினிப்பன்றிகளுக்கு அது நஞ்சாகிறது என்பது ஆய்விதழில் வெளியாகிவிட்டது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சில் இருக்கிற ஓர் எச்சரிக்கையை, அந்தப் பிராணியை மேசைமீது வைத்துக்கொண்டு மருந்து எழுதுகிறவர் அறியாதிருந்தார் என்பதை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

அவரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன்: “சார், கினிப்பன்றிக்கு இந்த மருந்து ஆகாது என்று படித்திருக்கிறேன். என்ரோஃப்ளாக்சசினோ சல்ஃபா மருந்தோ கொடுக்க முடியுமா?” அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இணையத்தில் படித்துவிட்டு வந்து தனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்றார். பிறகு, சமாதானப்படுத்துவதாக எண்ணிக்கொண்டோ என்னவோ, “இது என்ன விலை இருக்கும்மா? சில நூறு ரூபாய்தானே? சரியாகவில்லை என்றால் வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். என் மடியில் இருந்த உயிர் பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆலோசனைக் கட்டணத்தை முழுதாக வாங்கிக்கொண்ட ஒருவர், தான் பார்க்க வேண்டிய நோயாளியின் விலையை என்னிடம் கேட்கிறார். இந்தக் கேள்வியை ஒரு லாப்ரடாரையோ பாரசீகப் பூனையையோ கொண்டுவந்தவரிடம் கேட்டிருப்பாரா? கேட்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விட வலிப்பது வேறொன்று. மருத்துவம் எந்த உயிரின் உடலைத் திறந்து பாடம் கற்றதோ, அந்த உயிருக்கே மருத்துவம் பார்க்கத் தெரியவில்லை என்று கைவிரிக்கிறது. காசநோய்க்குக் காரணமான கிருமியை 1882-இல் ராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்தபோது அவருடைய நிரூபணம் நின்றது கினிப்பன்றிகளின் உடலில். நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்டும் தியோடர் ஃப்ரோலிக்கும் 1907-இல் வெறும் தானியத்தைக் கொடுத்து, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயை உண்டாக்கிக் காட்டியதும் கினிப்பன்றிகளிடம்தான். வைட்டமின் சி கண்டறியப்பட்ட பாதை அங்கிருந்துதான் திறந்தது. மனிதர்களைப் போலவே அவற்றின் உடலும் வைட்டமின் சியைத் தானாக உற்பத்தி செய்துகொள்வதில்லை. கிலோ எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 மில்லிகிராம், நோயுற்றால் 30 மில்லிகிராம் வரை வெளியிலிருந்து கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மூட்டு வீங்கும், ஈறு கசியும், நடக்கவே மறுக்கும். இத்தனைக்குப் பிறகும், நான் ஏறி இறங்கிய மருத்துவமனைகளில் ஒருவரைத் தவிர வேறு எவரும் “இதற்கு வைட்டமின் சி எப்படிக் கொடுக்கிறீர்கள்?” என்று கேட்கவில்லை. குடைமிளகாயா, கொய்யாவா, சொட்டு மருந்தா என்று ஒரு கேள்வி. அதைக் கேட்க எக்ஸ்ரே கருவி தேவையில்லை.

மல்லிக்கு இருந்தது தொற்றே அல்ல. பல். கினிப்பன்றியின் இருபது பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை ஓயாமல் மென்றால்தான் அவை தேயும். தேயாவிட்டால் கீழ்க்கடைவாய்ப் பற்கள் உட்புறமாகச் சாய்ந்து வளர்ந்து, நாக்கின் மேல் பாலம் போட்டதுபோல் மூடிக்கொள்ளும். பசி இருக்கும், உணவை நோக்கி ஓடி வரும், வாயில் எடுக்கும், விழுங்க முடியாமல் கீழே போட்டுவிடும். மோவாய் எச்சிலில் நனைந்திருக்கும். மல்லியிடம் இந்த அடையாளம் ஒவ்வொன்றும் இருந்தது. ஒவ்வொன்றையும் நான் வாய்விட்டுச் சொன்னேன். காது பார்க்கும் கருவியை வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப் பல்லைப் பார்க்க ஆகிற நேரம் மிகக் குறைவு. அதைச் செய்யாமல் “இன்ஃபெக்‌ஷன்” என்று எழுதி அனுப்பினார்கள். முன்பல்லை மட்டும் பார்த்துவிட்டு “பல் நன்றாகத்தானே இருக்கிறது” என்று இன்னோர் இடத்தில் சொன்னார்கள்.

இந்தப் பிராணிக்கு நேரம் என்பது எவ்வளவு அருமையானது என்பதும் அவர்களுக்குப் புரியவில்லை. நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம். கினிப்பன்றி அரை நாள் சாப்பிடாவிட்டாலே குடல் இயக்கம் நிற்கத் தொடங்கும், வயிறு காற்றால் உப்பும், கல்லீரலில் கொழுப்பு சேரும். இரவு பத்து மணிக்கு, இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருப்பதாகப் பெயர்ப்பலகை வைத்திருக்கும் ஓர் இடத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால், “எக்சாட்டிக் டாக்டர் (நாய், பூனை அல்லாத பிராணிகளைப் பார்ப்பவர்) காலையில்தான் வருவார், நாய் பூனை என்றால் கொண்டுவாருங்கள்” என்கிறார்கள். காலையில் போனால் அவர் அன்று விடுப்பு. இன்னோர் இடத்தில், குரைக்கும் நாய்களுக்கு நடுவே, கூடையைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்காரவைத்த பிறகு, “எலி வகையெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை” என்றார்கள். இதை வாசலிலேயே சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் வேறு எங்காவது போயிருப்பேனே! கத்திரி வெயிலில், முப்பது டிகிரிக்கு மேல் போனாலே வெப்பத் தாக்கத்தில் சுருண்டுவிடக்கூடிய ஒரு பிராணியை, ஈரத்துணி சுற்றிய ஐஸ் பாட்டிலைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஊரைச் சுற்ற வைத்தார்கள்.

பல்லைச் சீவ மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று ஒருவழியாக முடிவான இடத்திலும் கொடுமை தொடர்ந்தது. “முந்தைய இரவிலிருந்து எதுவும் கொடுக்காமல் வெறும் வயிற்றோடு கொண்டுவாருங்கள்” என்று வரவேற்பறையிலிருந்து செய்தி வந்தது. நாய்க்கும் பூனைக்கும் அடித்து வைத்திருக்கும் அதே குறிப்பு. கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது. எனவே இரவு முழுக்கப் பட்டினி போட அவசியமே இல்லை, போட்டால் ஆபத்துதான் கூடும். வாயில் எஞ்சியிருக்கும் உணவைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மயக்கம் கொடுப்பதுதான் முறை. நான் மறுத்துப் பேசியதும் “நாங்கள் சொல்வதைக் கேட்டால் செய்கிறோம், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள்” என்றார்கள். வேறு இடம் பார்த்தேன்.

அப்படிப் பார்த்த இடத்தில்தான் அந்த ஒருவர் இருந்தார். வயதில் மிக இளையவர். மல்லியை மேசையில் வைத்ததும், “கினிப்பன்றிகளை நான் அதிகம் பார்த்ததில்லை, மருந்தின் அளவைப் புத்தகத்தில் சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் உட்காருங்கள்” என்றார். என் முன்னாலேயே புத்தகத்தைத் திறந்தார். என்ன தின்னும், எச்சம் எந்த அளவில் இருக்கிறது, எடை எவ்வளவு குறைந்தது, வைட்டமின் சி எப்படிக் கிடைக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த வாக்கியம்தான் மல்லியைக் காப்பாற்றியது. அனுபவத்தில் அவரைவிடப் பல மடங்கு பெரியவர்களுக்கு அந்த வாக்கியம் ஏன் வாயில் வரவில்லை?

பல் சீவிய பிறகு வீட்டில் நடப்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வலி அடங்கி, தாடைக்குப் பழக்கம் திரும்பும் வரை அது தானாகத் தின்னாது. தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் ஏற்றி, பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையே பக்கவாட்டில் நுழைத்து, சொட்டுச் சொட்டாக, மென்று விழுங்க நேரம் கொடுத்து ஊட்ட வேண்டும். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும். கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மில்லிலிட்டர் வரை, இரவிலும் விழித்திருந்து கொடுக்க வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும், ஏனென்றால் வேட்டையாடப்படும் இனமான இது நோயைக் கடைசிவரை மறைக்கும், கிராம் கணக்கில் குறையும் எடை மட்டுமே பொய் சொல்லாது. வெளிநாடுகளில் இதற்கென்று தயாரான ஊட்டப் பொடி கால்நடை மருத்துவமனையிலேயே கொடுக்கிறார்கள். இங்கே அதைக் கேட்டால் பெயரையே திரும்பக் கேட்கிறார்கள். இத்தனையையும் தூக்கமில்லாமல் செய்துகொண்டிருக்கும்போது, வந்த உறவினர் ஒருவர் “ஓர் எலிக்கா இவ்வளவு?” என்றார். அவருக்குப் பதில் சொல்லக்கூட எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

விற்கிறவர்களை மட்டும் விட்டுவிட முடியுமா? எங்களிடம் வருவதற்கு முன் மல்லி ஒரு கடைக் கூண்டில், புல் என்பதையே பார்க்காமல், வெள்ளரித் துண்டும் கோழித்தீவனமும் தின்று வளர்ந்தவள். அவளுடைய பல் கெட்டது அங்கேதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளையார் கோயில் வாசலில் சில ரூபாய்க்குக் கட்டுக்கட்டாக அருகம்புல் விற்கிற ஊரில், அதை வாங்கிப் போடக்கூட அந்தக் கடைக்காரருக்கு மனம் வரவில்லை. முயல்களோடு ஒரே கூண்டில் அடைத்து வைத்திருந்தார். முயலிடம் எந்தத் தொல்லையும் தராமல் தங்கியிருக்கும் போர்டெடெல்லா கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியாவாக மாறும் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்தக் கடையில் பதிவுச் சான்றைக் காட்டச் சொன்னபோது என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

நான் கேட்பது பெரிய காரியமே இல்லை. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் இது. இங்கே கிளினிக் நடத்தும் ஒவ்வொருவரும் எந்தெந்தப் பிராணிகளைப் பார்ப்போம், எந்தெந்த நேரத்தில் பார்ப்போம் என்று வாசலில் எழுதி வைக்கட்டும். பார்ப்பதில்லை என்றால் தொலைபேசியிலேயே சொல்லிவிடட்டும், பார்க்கிற இடம் தெரிந்தால் வழிகாட்டட்டும். பார்ப்போம் என்று கட்டணம் வாங்கினால், கினிப்பன்றிக்குக் கொடுக்கக் கூடாத மருந்துகளின் பட்டியலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டும். அது அரைப் பக்கம்கூட வராது.

மல்லிக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை பல்லைச் சீவியாக வேண்டும், இனி வாழ்நாள் முழுக்க. அந்த இளம் மருத்துவர் இருக்கும்வரை எனக்குப் பயமில்லை. முதலில் அமாக்சிசிலின் எழுதிய மருத்துவமனைக்கு, அந்த மருந்துச்சீட்டின் நகலை இணைத்து, இந்த மருந்தை ஏன் எழுதினீர்கள் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.