"அப்புறம் எழுதிக்கலாமே" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

இந்த வாரம் மட்டும் நான்கு முறை கேட்டுவிட்டேன். "எழுதுறதுதானே, அப்புறம் எழுதிக்கலாமே!" காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுகிற மாதிரி இருக்கிறது.

பையனின் டியூஷனை யாராவது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்களா? சனிக்கிழமை பூப்பந்து ஆடக் கிளம்பும் என் கணவரிடம் யாராவது சொல்கிறார்களா? நான் நோட்டை விரித்தால் மட்டும், "சும்மாதானே இருக்கே, தேக்கா மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வரலாம், வா" என்று அண்ணி கூப்பிடுகிறார். சும்மாவா இருக்கிறேன்?

எனக்கு ஊக்கம் போதவில்லையாம். ஒழுங்கு வரவில்லையாம். காலை 5 மணிக்கு எழுகிறேன். ஆறரைக்குள் பையனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். சமையலுக்கு நடுவே கிடைப்பது 40 நிமிடம். அதில் முதல் பாதியில் வருவதெல்லாம் குப்பை. அதை எழுதித் தள்ளினால்தான் ஒரு நல்ல வரி எட்டிப் பார்க்கும். மூட் வந்தால் எழுது என்கிறார்கள். எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூடே வருகிறது! சரியாக அந்த நேரம் பார்த்து, "நீலச் சட்டை எங்கே?" என்று ஒரு குரல். அறுந்த வரி அன்றைக்குத் திரும்பி வராது. மிச்சத்தை உட்லண்ட்ஸில் எம்ஆர்டி ரயில் ஏறி, கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டுகிறேன். ஈசூன் தாண்டினால் கையைத் தூக்கவே இடமிருக்காது.

1887இலேயே 'சிங்கை நேசன்' என்று தமிழ்ப் பத்திரிகை அச்சான ஊர் இந்தச் சிங்கப்பூர். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. எழுதுகிறவர்களுக்காகத் தங்கமுனை விருது 1993இலிருந்து இருக்கிறது. இத்தனை இருந்தும் என் வீட்டு உணவு மேசையில் தமிழ் எழுத ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், பாட்டி. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தள ஊழியர்களுக்கான நேவல் பேஸ் குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்தியவர். 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியபோது, புருஷன் வேலை என்னவாகுமோ என்று அந்த வரிசை வீடுகளில் பெண்கள் பட்ட பாட்டை அவர் சொல்லச் சொல்லத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு வயது 87. தாத்தா அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்த ராத்திரியைப் போன ஞாயிறு இரண்டு மாதிரியாகச் சொன்னார். எது சரி பாட்டி என்றேன். என் முகத்தையே பார்த்தார்.

"ஞாபகம் இல்லம்மா."

இவரிடமும் அப்புறம் கேட்டுக்கொள்ளட்டுமா?