அடுத்த பாண்ட் படம்: இயக்குநர் யார் என்பதோடு கேள்வி முடிவதில்லை

ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் அடுத்த படத்தை டெனி வில்நெவ் இயக்குவார் என்று 2025 ஜூன் மாதம் அறிவித்தார்கள். அதன் பிறகும் சென்னையில் எனக்குத் தெரிந்த திரைப்பட ரசிகர்களிடையே ஊகங்கள் ஓயவில்லை. அறிவிப்புக்கு முன்பு யார் வருவார் என்று பேசினார்கள்; இப்போது அவர் ஒரு படத்தோடு நின்றுவிடுவாரா, அடுத்ததையும் அவரே எடுப்பாரா, அவருக்குப் பிறகாவது கிறிஸ்டோபர் நோலனுக்கு அந்த நாற்காலி கிடைக்குமா என்று பேசுகிறார்கள். இதில் வியப்பில்லை. ஒரு பெரிய நடிகரின் படம் வெளியான அன்று மாலையே அவருடைய அடுத்த படத்தை இயக்கப்போவது யார் என்ற விவாதம் தொடங்கிவிடும் ஊர் இது. அந்தப் பழக்கத்தோடுதான் நாம் பாண்டையும் அணுகுகிறோம். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். நானும் அதில் பங்கெடுத்தவன். ஆனால், பெயரை மட்டும் பேசிவிட்டு அத்துடன் நின்றுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த இயக்குநருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கும், அவருடைய படத்தைத் தொகுக்கப்போவது யார், சண்டைக் காட்சிகளையும் துரத்தல்களையும் உண்மையில் எடுக்கப்போவது யார் என்ற மூன்றும் தெரியாமல் ஒரு பாண்ட் படம் எப்படி வரும் என்று சொல்லவே முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த வரிசையின் வரலாறே இதற்குச் சான்று. 1962இல் வந்த ‘டாக்டர் நோ’ தொடங்கி 2021இல் வந்த ‘நோ டைம் டு டை’ வரை இயான் நிறுவனம் தயாரித்த 25 படங்களை 12 பேர் இயக்கியிருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர், படம் வெளியாகும் முன்பே தங்கள் பெயருக்காகக் கூட்டம் சேர்த்தவர்கள் அல்லர். இறுதிச் சொல் எப்போதும் தயாரிப்பாளர்களிடமே இருந்தது. முதலில் ஆல்பர்ட் பிராக்கோலியும் ஹாரி சால்ட்ஸ்மனும், பின்னர் பிராக்கோலியின் மகள் பார்பராவும், அவருடைய தாய்க்கு முந்தைய மணத்தில் பிறந்த அண்ணன் மைக்கேல் வில்சனும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. பாண்ட் படம் இயக்க வேண்டும் என்று ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தாமே கேட்டும் பிராக்கோலி மறுத்துவிட்டார் என்பதை ஸ்பீல்பெர்க்கே பலமுறை சொல்லியிருக்கிறார். 2018இல் டேனி பாயில் தம்முடைய எழுத்தாளரோடு உள்ளே வந்தார். திரைக்கதையில் உடன்பாடு ஏற்படாததால் சில மாதங்களிலேயே வெளியேறினார். கேரி ஃபுகுனாகா அந்த இடத்துக்கு வந்தார். பாயில் வருகிறார் என்றதும் என்னென்னவோ கற்பனை செய்து எழுதிய ரசிகர்கள் ஏராளம். அந்தக் கற்பனைகள் எல்லாம் அவர் விரும்பியதை எடுக்க அவருக்கு உரிமை இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை. அந்த உரிமை அவருக்கு இருக்கவில்லை.

இனி அந்தக் குடும்பத்தின் பிடி இல்லை. 2022இல் 845 கோடி டாலர் கொடுத்து எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தை வாங்கிய அமேசான், 2025 தொடக்கத்தில் பாண்ட் பாத்திரத்தின் மீதான படைப்பாக்கக் கட்டுப்பாட்டையும் பெற்றுவிட்டது. ஏமி பாஸ்கலும் டேவிட் ஹேமனும் தயாரிப்பாளர்களாக அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். எனவே இம்முறை இயக்குநர் யார் என்ற கேள்விக்கு முன் எப்போதும் இல்லாத எடை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அறுபது ஆண்டுகள் இந்தப் பாத்திரத்தை, சில வேளைகளில் அளவுக்கு மீறியே, காத்துநின்ற ஒரு குடும்பம் விலகிய வெற்றிடத்தில், வேண்டாம் என்று சொல்லும் துணிவும் தகுதியும் உள்ள ஒருவர் தேவை. கிளைப்படங்களும் தொடர்களும் எடுத்துப் பாண்டை ஒரு பெரிய சந்தைப் பொருளாக்கும் ஆசை எந்த நிறுவனத்துக்கும் வரக்கூடியதே. வில்நெவ் போன்று மதிப்புள்ள ஒருவர் அந்த ஆசைக்கு ஒரு தடையாக இருப்பார் என்றால், அந்தக் காரணத்துக்காகவே அவருடைய வருகையை நான் வரவேற்கிறேன்.

ஹேமனைப் பற்றியும் நம் விவாதங்களில் போதுமான பேச்சு இல்லை. ஹாரி பாட்டர் வரிசையின் எட்டுப் படங்களையும் தயாரித்தவர் அவர். மூன்றாவது படத்துக்கு அல்ஃபோன்சோ குவாரோன் வந்தபோது, சிறுவர்களுக்கான மாயாஜாலக் கதைக்கு அவர் எப்படிப் பொருந்துவார் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தப் படமோ வரிசையின் தொனியையே மாற்றியது. அதற்குப் பிறகு, தொலைக்காட்சியிலிருந்து வந்த டேவிட் யேட்ஸ் கடைசி நான்கு படங்களையும் எடுத்தார். துணிந்த தேர்வு, நிலையான தேர்வு என இரண்டையும் செய்து பார்த்த தயாரிப்பாளர் ஒருவர் இப்போது பாண்டின் பொறுப்பில் இருக்கிறார். வில்நெவுக்குப் பின் யார் என்று ஊகிப்பவர்கள் புகழ்பெற்ற இயக்குநர்களின் பட்டியலைவிட இந்த முன்வரலாற்றைப் பார்ப்பது பயனுள்ளது.

இனி நான் விரிவாகப் பேச விரும்பும் பகுதிக்கு வருகிறேன். பாண்ட் படங்களின் நடையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் என்று நான் கருதுவது பீட்டர் ஹண்ட் என்ற படத்தொகுப்பாளரை. தொடக்கக் காலப் படங்களைத் தொகுத்த அவர், ஒருவர் எழுந்து, நடந்து, கதவைத் திறந்து வெளியேறுவதையெல்லாம் பொறுமையாகக் காட்டும் அன்றைய வழக்கத்தை உதறிவிட்டு, செயலின் நடுவிலேயே வெட்டி அடுத்த செயலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். பாண்ட் படம் என்றாலே நினைவுக்கு வரும் அந்த வேகம் அவருடைய மேசையில் பிறந்தது. பின்னர் 1969இல் ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ படத்தை அவரே இயக்கினார். வெளியான காலத்தில் அதற்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை; இன்றோ, பாண்ட் படங்களில் தமக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்று நோலனே சொல்கிறார். நோலன் வர வேண்டும் என்று ஏங்கும் நண்பர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். அவர் மனத்தில் உயர்ந்து நிற்கும் பாண்ட் படம் ஒரு படத்தொகுப்பாளர் எடுத்த முதல் படம்.

ஹண்டின் அந்தப் படத்தைத் தொகுத்து, சண்டை, சாகசக் காட்சிகளைத் தனியாகப் படமாக்கும் குழுவான அதன் இரண்டாம் யூனிட்டையும் இயக்கியவர் ஜான் கிளென். 1977இல் வந்த ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’ படத்தின் தொடக்கத்தில், பனிச்சறுக்கில் பாய்ந்து வரும் பாண்ட் மலை விளிம்பிலிருந்து வெற்றுவெளியில் விழுந்து, நெடுநேர மௌனத்துக்குப் பின் பிரிட்டிஷ் கொடி வரைந்த பாராசூட்டை விரிப்பாரே, கனடாவின் பாஃபின் தீவில் அந்தச் சாகசத்தைப் படமாக்கிய இரண்டாம் யூனிட்டும் அவருடையதுதான். அந்தத் திறமையைக் கண்டே 1981இல் அவரை இயக்குநராக்கினார்கள். தொடர்ந்து ஐந்து படங்களை எடுத்தார். வேறு எவரும் இயான் நிறுவனத்துக்கு இத்தனை பாண்ட் படங்களை இயக்கியதில்லை. ஆனாலும் ஊகப் பட்டியல்களில் அவரைப் போன்ற ஒருவருக்கு இன்று இடமே இருக்காது.

கிளெனைப் பற்றிப் பேசும்போது சென்னைக்காரர்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு. 1983இல் வெளியான ‘ஆக்டோபுஸ்ஸி’ உதய்ப்பூரில் படமாக்கப்பட்டது; அதில் பாண்டுக்கு உதவும் உளவாளியாக நடித்தவர் நம்மூர் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். ஆட்டோ துரத்தலின் நடுவே அவர் டென்னிஸ் மட்டையை எடுத்துத் துரத்துபவர்களை அடிக்க, சுற்றி நிற்கும் கூட்டம் டென்னிஸ் ஆட்டம் பார்ப்பதுபோல் இடமும் வலமும் தலையைத் திருப்புகிறது. நடிக்க வந்தவர் யார் என்பதை உணர்ந்து, அதைக் காட்சிக்குள் கொண்டுவந்த அந்த விளையாட்டு மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதே படத்தில் வாள் விழுங்குபவர், நெருப்புக் கங்குகளின் மேல் நடப்பவர், ஆணிப் படுக்கையில் கிடப்பவர் என இந்தியாவையே ஒரு வேடிக்கைக் கூடமாக்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நகைச்சுவை உணர்வும் கவனக்குறைவும் ஒரே இயக்குநரிடமிருந்து வந்தவை. நாளை பாண்ட் மீண்டும் நம் பக்கம் வந்தால், எந்த இயக்குநர் வருகிறார் என்பதோடு அவர் எந்தக் கண்ணோடு வருகிறார் என்பதும் நமக்கு முக்கியம்.

கோடம்பாக்கத்தை அறிந்தவர்களுக்கு இரண்டாம் யூனிட்டின் முக்கியத்துவத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம் படங்களில் சண்டைக் காட்சி என்று வந்துவிட்டால், படப்பிடிப்புத் தளம் பல நேரங்களில் ஸ்டண்ட் மாஸ்டரின் கைக்குப் போய்விடும். அவருடைய பாணியும் இயக்குநரின் பாணியும் இணையாதபோது, படம் திடீரென்று வேறொரு படமாக மாறிவிட்டதாகப் பார்வையாளர் உணர்கிறார். பாண்ட் வரிசையிலும் இது நடந்திருக்கிறது. மார்க் ஃபார்ஸ்டர் மென்மையான மனித உறவுகளைச் சொல்லும் படங்களால் அறியப்பட்டவர். 2008இல் அவர் எடுத்த ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ படத்துக்கு, ஜேசன் பார்ன் என்ற உளவாளியின் படங்களில் பணியாற்றிய இரண்டாம் யூனிட் இயக்குநரையும் படத்தொகுப்பாளர் ஒருவரையும் கொண்டுவந்தார்கள். எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் திரைக்கதையும் முழுமை பெறவில்லை. விளைவாக, யார் எங்கே நிற்கிறார், யார் யாரைத் துரத்துகிறார் என்பதே புரியாத துண்டு துண்டான ஷாட்களாகப் பல சண்டைகள் அமைந்துவிட்டன. இந்தத் தோல்வியை ஃபார்ஸ்டரின் பெயரில் மட்டும் எழுதிவைப்பது நியாயமன்று.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வந்த ‘கேசினோ ராயல்’ இதற்கு நேர்மாறானது. நியூசிலாந்தில் பிறந்து, பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பெயர் பெற்ற மார்ட்டின் கேம்பெல், 1995இல் பியர்ஸ் பிராஸ்னனையும் 2006இல் டேனியல் கிரெய்கையும் பாண்டாக அறிமுகப்படுத்தியவர். புதிய நடிகரை உலகம் ஏற்கச் செய்யும் பொறுப்பை இரண்டு முறை இவரிடம் நம்பிக் கொடுத்தார்கள். படத்தின் தொடக்கத்தில் கட்டுமானத் தளத்தில் நடக்கும் ஓட்டத்தில், தப்பிப்பவன் சந்துகளிலும் இடைவெளிகளிலும் பாம்பாக நழுவுகிறான். பாண்ட் சுவரையே உடைத்துக்கொண்டு வருகிறார். ஒரு வசனமும் இல்லாமல் இந்தப் புதிய பாண்ட் எத்தகையவர் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடும் நீண்ட பகுதியை அதே பதற்றத்தோடு நடத்திச் செல்கிறார்கள். அந்தப் படத்தைத் தொகுத்தவர் ஸ்டூவர்ட் பேர்ட். 110 கோடி டாலருக்கு மேல் வசூலித்த, சாம் மெண்டஸின் ‘ஸ்கைஃபால்’ படத்தைத் தொகுத்தவரும் அவரே. அண்மைக் கால பாண்ட் படங்களில் சிறந்தவை எவை என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டையும்தான் சொல்வோம். கேம்பெலா மெண்டஸா என்று மணிக்கணக்கில் வாதிடும் நாம், இரண்டுக்கும் பொதுவான அந்தப் பெயரை உச்சரிப்பதே இல்லை.

வில்நெவைப் பற்றிய என் நம்பிக்கைக்கும் இதுவே அடிப்படை. ‘சிகாரியோ’ படத்தில், மெக்சிகோவிலிருந்து திரும்பும் காவல் வண்டிகள் எல்லைப் பாலத்தில் போக்குவரத்து நெரிசலில் சிக்கி நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். துப்பாக்கிச் சூடு சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய நிமிடங்களில் எந்த வரிசையில் எந்த வண்டி, எந்தக் கண்ணாடிக்குப் பின்னால் யார் என்பதை நம் மனத்தில் பதியவைத்துவிட்டு அதன் பிறகே சுடத் தொடங்குகிறார்கள். உளவுப் படம் எடுப்பவருக்கு வேண்டிய முதல் திறமை இதுதான் என்று நான் நம்புகிறேன். அந்தக் காட்சியை ஒளிப்பதிவு செய்தவர் ‘ஸ்கைஃபால்’ படத்தின் ஒளிப்பதிவாளரான ரோஜர் டீக்கின்ஸ். தொகுத்தவர், ‘அரைவல்’, ‘டியூன்’ என வில்நெவோடு தொடர்ந்து பணியாற்றிவரும் ஜோ வாக்கர்.

ஒரு கவலையும் உண்டு. வில்நெவின் படங்களில் சிரிப்பு மிகவும் அரிது. டென்னிஸ் மட்டைக் காட்சி போன்ற ஒன்று அவருடைய உலகத்தில் எங்கே அமரும் என்று என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. தாம் சிறு வயதில் தந்தையோடு பாண்ட் படங்கள் பார்த்து வளர்ந்ததாகவும், இது தமக்குப் புனிதமான களம் என்றும் அவர் அறிக்கையில் சொல்லியிருக்கிறார். அந்த அன்பை ஐயப்பட எனக்குக் காரணமில்லை. ஆனால் தமிழ்ப் படங்களில், ரசிகராக வளர்ந்து தம் நாயகரையே இயக்கும் வாய்ப்புப் பெற்றவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். லோகேஷ் கனகராஜ் 2022இல் ‘விக்ரம்’ எடுத்தபோது, 1986இல் வந்த ‘விக்ரம்’ படத்து உளவாளியின் பெயரையும் பழம்பெருமையையும் கதைக்கே பயன்படுத்திக்கொண்டார். அது நல்ல விளைவைத் தந்தது. எல்லோருக்கும் அது கைகூடவில்லை. நாயகர் திரும்பிப் பார்ப்பதற்காகவும் மெதுவாக நடந்து வருவதற்காகவும் கதை ஓரமாக நின்று காத்திருக்கும் படங்களும் நம்மிடம் உண்டு. வழிபாடு மிகுந்தால் பாண்ட் ஒரு சிலையாகிவிடுவார். திரைக்கதை எழுதும் ஸ்டீவன் நைட்டிடம் கூர்மையான வசனம் உண்டு; அது பாண்டுக்குத் தேவையான இலகுவைக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்கிறேன்.

எனவே, வில்நெவுக்குப் பின் நோலனா, குவாரோனா என்ற விவாதத்தை நண்பர்கள் தாராளமாகத் தொடரட்டும். ஜோ வாக்கர் இந்தப் படத்துக்கும் வருகிறாரா, இரண்டாம் யூனிட்டை யாரிடம் ஒப்படைக்கிறார்கள், இறுதித் தொகுப்பில் கடைசிச் சொல் வில்நெவிடம் இருக்குமா அமேசானிடம் இருக்குமா என்ற செய்திகளுக்காகவே நான் காத்திருக்கிறேன். அவை குறித்து உறுதியான தகவல் கண்ணில் பட்டால் இங்கே பகிர்ந்துகொள்ளுங்கள். இந்தப் படத்தைப் பற்றிய என் மதிப்பீட்டை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.