அடுத்த வியாழக்கிழமை வாருங்கள்

பல்லுக்கு க்ளிப் போடுவது என்றால் ஒருநாள் போய் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு வருகிற காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். என் அறியாமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அறியாமையை வாரா வாரம் பொத்திப் பொத்திப் பாதுகாத்தது அந்த கிளினிக்.

மகளுக்கு 14 வயது. மேல்வரிசையில் இரண்டு பக்கமும் தெத்துப்பல். "தெத்துப்பல் அதிர்ஷ்டம், கை வைக்காதே" என்று தடுத்துக்கொண்டிருந்த மாமியார் ஒருவழியாக இறங்கி வந்து, "ஆடி போகட்டும்" என்றார். ஆவணி பிறந்ததும் மேலூரில் பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கினோம். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "35 ஆயிரம் ஆகும், ஒன்றரை வருடம் பிடிக்கும்" என்றார். முன்பணம் கட்டினேன். அவ்வளவுதான் பேச்சு.

க்ளிப் போடும் டாக்டர் அங்கே வியாழக்கிழமை மட்டும் வருவார். பல் பிடுங்குகிறவர் சனிக்கிழமை. தினமும் இருக்கிற டாக்டரம்மாவிடம் எதைக் கேட்டாலும், "அதை வியாழக்கிழமை சாரிடம் கேளுங்கள்."

முதலில் எக்ஸ்ரே. அது அங்கே கிடையாது, இரண்டு தெரு தள்ளி. தாடையைத் தாங்கியில் வைத்துக்கொண்டு பிள்ளை சிலைபோல நிற்க, இயந்திரம் தலையைச் சுற்றி வந்து மொத்தப் பல்லையும் ஒரே படமாக எடுத்தது. பக்கவாட்டில் இன்னொன்று. படத்தோடு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பினால் டாக்டர் கிளம்பிவிட்டார்.

அடுத்த வியாழன் அச்சு எடுத்தார்கள். ரோஸ் நிறக் களியைத் தட்டில் குழைத்து வாய்க்குள் அமுக்கியதும் பிள்ளைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, கண்ணில் பொலபொலவென்று நீர். "மூக்கால் மூச்சு விடு பாப்பா" என்கிறார் நர்ஸ். இவ்வளவும் முடிந்த பிறகு எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்த டாக்டர், "கடைவாயில் இரண்டு சொத்தை இருக்கிறதே, பல்லில் காரையும் படிந்திருக்கிறதே, இதையெல்லாம் சரிசெய்துவிட்டு வாருங்கள்" என்றார். சரிசெய்துவிட்டுப் போனோம். காரை இருக்கும்போது எடுத்த அச்சு உதவாதாம். மறுபடி களி, மறுபடி குமட்டல்.

சொத்தையை அடைக்காமல் க்ளிப்பை ஒட்டினால் ஒன்றரை வருடமும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும், கம்பிக்கு இடையில் பிரஷ் சரியாக நுழையாது, காரை இருந்தால் ஈறு வீங்கும். எல்லாம் நியாயம், ஒன்றையும் நான் மறுக்கவில்லை. அதை முதல் நாளே சொன்னால் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா? சொத்தை அடைக்க எங்கள் ஊரிலேயே டாக்டர் இருக்கிறார். பள்ளி விட்டு வந்த பிறகு மாலையில் முடித்திருப்பேனே! கல்யாணத்துக்குச் சமைக்க வருகிறவர்கூட மளிகைச் சீட்டை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார். பந்தியில் ஆளை உட்கார வைத்துவிட்டு "பருப்பு வாங்கி வாருங்கள்" என்று எந்தச் சமையல்காரரும் சொன்னதில்லை.

பிறகுதான் பெரிய இடி. இடம் போதவில்லை, நான்கு பல்லை எடுக்க வேண்டும். மேலே இரண்டு, கீழே இரண்டு, கோரைப்பல்லுக்கு அடுத்தது. சொத்தையா? இல்லை. ஆட்டமா? இல்லை. நான்கும் நல்ல பல். வீட்டில் மாமியார், "மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்று பிடித்துக்கொண்டார். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு என்று அவருக்கு நான் வகுப்பு எடுத்தேன். எனக்கு வகுப்பு எடுக்கத்தான் யாரும் இல்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்து இரண்டு சனிக்கிழமை. மரத்துப்போன உதட்டோடு, "அம்மா, அதைக் காட்டு" என்று சைகை செய்தாள். எவர்சில்வர் தட்டில் கிடந்தது. வெளியே தெரிந்தது கொஞ்சம்தான், வேர் அதைவிட நீளம். ஒரு கறை கிடையாது. 28 பல்லோடு போன பிள்ளையை 24 பல்லோடு, வாய் நிறையப் பஞ்சைக் கடிக்க வைத்துக் கூட்டிவந்தேன். பில் போடும் பெண்ணிடம், "இது அந்த 35 ஆயிரத்தில் சேராதா?" என்று கேட்டேன். "அது க்ளிப்புக்கு மட்டும் மேடம்" என்றாள் சிரித்துக்கொண்டே. எக்ஸ்ரே, அடைப்பு, சுத்தம், பிடுங்கல் என்று அதுவரை தனியாக 9,400 ரூபாய் போயிருந்தது.

சரி, இனி க்ளிப்தானே என்று போனால், "இன்றைக்கு ரப்பர் மட்டும்." கடைவாய்ப் பல்லைச் சுற்றி மாட்டும் உலோகப் பட்டைக்கு இடம் வேண்டுமாம். அதற்காகப் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மிளகு அளவு பச்சை வளையங்களைத் திணித்தார்கள். இரண்டு நாள் இட்லியைக்கூட மெல்ல முடியாமல் கரைத்துக் குடித்தாள். வளையம் ஒரு வாரம் இருக்க வேண்டும், விழுந்தால் இடம் மூடிக்கொள்ளும், திரும்பவும் போட வேண்டும். கடினமானதைக் கடிக்கக்கூடாது என்பதையும் விழுந்த பிறகுதான் சொன்னார்கள்!

எப்படி விழுந்தது என்கிறீர்களா? நேற்று ராத்திரி பாட்டி அடுப்படியில் தீபாவளி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். வலி போய்விட்டதே என்று ஒன்றை எடுத்துக் கடித்தாள். வாயிலிருந்து வெளியே எடுத்த முறுக்குத் துண்டில் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

காலையில் கிளினிக்குக்கு போன் செய்தேன்.

"இந்த வியாழன் தீபாவளி மேடம், சார் வரமாட்டார். அடுத்த வியாழக்கிழமை வாருங்கள்."